புகைச்சூடு ஏறினால் எஞ்சின் சூடாகிவிட்டதா?

ஒரு பயிற்சி விமானம். செஸ்னா 172எஸ் வகை; மூக்கில் நான்கு சிலிண்டர் கொண்ட லைகமிங் ஐஓ-360 எஞ்சின். பறந்துவிட்டு வந்த மாணவர் பதிவேட்டில் ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்: "மூன்றாம் சிலிண்டர் ஈ.ஜி.டி. அதிகம்." வெளியேறும் புகையின் சூடு கூடியிருக்கிறது என்று பொருள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று நாள் அலைந்தோம். முதல் நாள் சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கழுவினோம், மாற்றமில்லை. இரண்டாம் நாள் வெப்பம் அளக்கும் புரோபையே மாற்றினோம், மாற்றமில்லை. மூன்றாம் நாள் மூத்த எஞ்சினியர் ஒருவர் வந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. கருவியில் பதிவாகியிருந்த எண்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதே நேரத்தில் அந்தச் சிலிண்டரின் தலை எவ்வளவு சூடாக இருந்தது?"

பார்த்தோம். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்க, மூன்றாவதன் தலை மட்டும் வழக்கத்தைவிடப் பதினைந்து டிகிரி குளிர்ந்திருந்தது. "அப்படியென்றால் கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்" என்றார். பிளக்கின் வாயில் ஈயக் குருணை ஒன்று இடைவெளியில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்து திரும்ப மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

புகை சூடாக இருக்கும்போது தலை ஏன் குளிர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் அந்த மூன்று நாட்களை இழக்க மாட்டார். விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கும், பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருப்பவர்களுக்கும், எஞ்சின் என்றால் ஆர்வம் கொள்ளும் எவருக்கும் அதைத் தொடக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

எந்தச் சூட்டை அளக்கிறோம்?

சிறு விமானத்தின் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இடங்களில் வெப்பம் அளக்கப்படுகிறது. சிலிண்டரின் தலைப்பகுதி உலோகத்தில் ஒன்று. எரிந்து முடிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயில் இன்னொன்று. ஹேங்கரில் முன்னதை சி.எச்.டி. என்றும் பின்னதை ஈ.ஜி.டி. என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் தலைச்சூடு, புகைச்சூடு என்றே எழுதுகிறேன். பெரும்பாலான சிறு விமானக் கருவிகள் பாரன்ஹீட்டில் காட்டுவதால், செல்சியஸ் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் டிகிரி என்பது பாரன்ஹீட்தான். புகைச்சூடு வழக்கமாக 1,200 முதல் 1,500 வரை இருக்கும். அதாவது சுமார் 650 முதல் 815 டிகிரி செல்சியஸ். தலைச்சூடு 300 முதல் 400 வரை. சுமார் 150 முதல் 205 செல்சியஸ்.

இவற்றுள் தலைச்சூடு நேர்மையான அளவு. உலோகம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைச் சொல்கிறது. லைகமிங் எஞ்சின்கள் பலவற்றில் 500 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று தலைச்சூட்டுக்கு வரம்பு இருக்கிறது; எஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் 400-ஐ ஒட்டியே வைத்திருப்பது நல்லது என்பது அனுபவசாலிகளின் கருத்து, என் கருத்தும் அதுவே. அலுமினியத் தலை சூடாகச் சூடாக வலுவிழக்கும். எனவே அந்த எண்ணுக்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு.

புகைச்சூடு வேறு இனம். குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புரோபின் நுனியில் இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பள்ளி இயற்பியலில் வெப்ப மின்னிரட்டை என்று படித்தோமே, அதுதான். இரு உலோகங்களின் சந்திப்புகள் வெவ்வேறு சூட்டில் இருந்தால் சுற்றில் மின்விளைவு தோன்றும் என்பதை சீபெக் 1821-இல் கண்டார். புகைச்சூட்டுக்குப் பயன்படும் கே வகை இரட்டையில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். 800 டிகிரி செல்சியஸில்கூட மொத்தம் 33 மில்லிவோல்ட்தான். கைவிளக்கு பேட்டரி ஒன்றின் அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கு அருகே. இந்தச் சின்ன எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த நுனி எதைப் பார்க்கிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு இருபது முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் வால்வு சுழற்சியின் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். அந்தக் கணத்தில் கொதிக்கும் வாயு பீறிட்டு வந்து நுனியைச் சுட்டுவிட்டுப் போகும். மீதி நேரமெல்லாம் நுனி ஆறிக்கொண்டிருக்கும். கருவி காட்டும் 1,400 என்பது அந்தச் சூட்டுக்கும் ஆறுதலுக்கும் நடுவில் நுனி வந்து நிற்கும் ஒரு சராசரி. சிலிண்டருக்குள் எரியும் வாயு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூடானது. எஞ்சினின் எந்த உலோகப் பகுதியும் அந்த 1,400-இல் இருக்கிறது என்று பொருளல்ல.

புரோபை வால்வுக்கு ஓர் அங்குலம் நெருக்கமாகப் பொருத்தினால் எண் கூடும். தள்ளிப் பொருத்தினால் குறையும். குழாயின் வளைவில் வாயு எப்பக்கம் மோதுகிறது என்பதும் அதை மாற்றும். ஒரே எஞ்சினின் நான்கு சிலிண்டர்கள் 1,310, 1,390, 1,350, 1,420 என்று காட்டினால் கோளாறு என்று எண்ண வேண்டாம். கார்புரேட்டர் எஞ்சின்களில் பெட்ரோல் எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் போய்ச் சேராததால் நூறு டிகிரி வேறுபாடுகூட இயல்பே. நாலாவது சிலிண்டர் எப்போதும் 1,420-இல் இருந்தால் அது அதன் சுபாவம். எப்போதும் 1,310-இல் இருக்கும் முதலாவது ஒருநாள் 1,380-க்கு வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது, நான்கில் அது மிக உயர்ந்த எண்ணாக இல்லாவிட்டாலும்.

டர்போ இல்லாத எஞ்சின்களில் புகைச்சூட்டுக்கு ஒரு சிவப்புக் கோட்டை மனத்துக்குள் வரைந்துகொண்டு, "1,450-ஐத் தாண்டினால் ஆபத்து" என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஆதாரம் இல்லை. டர்போ உள்ள எஞ்சின்களில் கதை வேறு. அங்கே டர்பைனின் இதழ்களே அந்தப் புகையில் சுழல்கின்றன. எனவே டர்பைனுக்குள் நுழையும் வாயுவுக்கு 1,650 போன்ற உண்மையான வரம்பு உண்டு, அதை மீறக் கூடாது.

உச்சம் என்ற ஒன்று

விமானத்தில் கலவை நெம்புகோல் என்று சிவப்பு நிறத்தில் ஒன்று இருக்கும். காரில் இல்லாத பொருள். மேலே ஏற ஏறக் காற்று மெலியும். பெட்ரோல் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் கலவை செறிந்துவிடும். ஆகவே விமானி அந்த நெம்புகோலை மெல்ல இழுத்துப் பெட்ரோலைக் குறைக்கிறார்.

அப்படிக் குறைக்கும்போது புகைச்சூட்டைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஏறும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் பதினைந்து பங்கு காற்று என்ற இடத்தில் உச்சம் தொடும். மேலும் குறைத்தால் இறங்கும். உச்சத்துக்கு முந்தைய பகுதி செறிவுப் பக்கம். பிந்தையது மெலிவுப் பக்கம். செறிவுப் பக்கத்தில் மிஞ்சிய பெட்ரோல் சூட்டை உறிஞ்சுகிறது. மெலிவுப் பக்கத்தில் மிஞ்சிய காற்று அந்த வேலையைச் செய்கிறது. இரண்டும் மிஞ்சாத இடமே உச்சம்.

1960-களின் தொடக்கத்தில் ஆல்கார் நிறுவனத்தின் அல் ஹண்டரே சிறு விமானங்களுக்குப் புகைச்சூட்டு மீட்டரைக் கொண்டுவந்ததே இந்த உச்சத்தைக் கண்டுபிடிக்கத்தான். கோளாறு தேடுவது பின்னால் சேர்ந்த பயன். உச்சத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பதே இந்தக் கருவி சொல்லும் உண்மையான செய்தி. இங்கே ஒரு முக்கியமான விவரம்: தலைச்சூடு உச்சம் தொடுவது இதே இடத்தில் அல்ல. செறிவுப் பக்கத்தில் நாற்பது ஐம்பது டிகிரி தள்ளியே தலை மிகவும் சூடாகிறது. அங்கிருந்து கலவையை மேலும் மெலித்தால் புகை சூடேற, தலை குளிரத் தொடங்கும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைப்பவர் இங்கேயே வழி தவறிவிடுவார்.

சூடு எங்கே போகிறது?

ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள். லைகமிங் எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்பே, சிலவற்றில் 20 டிகிரி முன்பே, இரண்டும் ஒன்றாகப் பொறி விடும். இரு முனைகளிலிருந்தும் தீ பரவி நடுவில் சந்திக்கும். எரிதல் விரைவில் முடிந்து, வாயு பிஸ்டனைத் தள்ளி, தன் சூட்டைச் சக்தியாகவும் தலை உலோகத்துக்கும் கொடுத்துவிட்டு, ஓரளவு தணிந்த பிறகுதான் வால்வு திறக்கும்.

ஒரு பிளக் செத்துவிட்டால்? தீ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தனியாக நடக்க வேண்டும். எரிதல் தாமதமாகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் தீ இன்னும் பரவிக்கொண்டிருக்கும். வால்வு திறக்கும்போது வாயு தணிந்திருக்காது. தலைக்கும் பிஸ்டனுக்கும் போயிருக்க வேண்டிய சூடு குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. புகைச்சூடு 50 முதல் 100 டிகிரி வரை ஏறும். தலைச்சூடு சற்றுக் குறையும். எங்கள் மூன்றாம் சிலிண்டரில் நடந்தது இதுவே. எஞ்சின் சூடாகவில்லை, சூட்டை வீணாக்கிக்கொண்டிருந்தது.

இதை எந்த மாணவரும் தினமும் தன் கண்ணால் பார்க்கலாம். பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் தருபவை இரண்டு மேக்னட்டோக்கள். புறப்படுமுன் அவற்றைச் சோதிக்கிறோம். 172எஸ் விமானத்தில் 1,800 சுழற்சியில் வைத்து, சாவியை ஒரு மேக்னட்டோவுக்கு மட்டும் திருப்பி, சுழற்சி 150-க்கு மேல் குறையாமலும், இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வேறுபாடு இல்லாமலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் சுழற்சி முள்ளை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் கருவித் திரையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள புகைச்சூட்டுப் பட்டைகளைப் பார்த்தால், நான்கும் ஒன்றுபோல உயர்வது தெரியும். எல்லாச் சிலிண்டர்களும் ஒற்றைப் பிளக்கில் ஓடுகின்றன அல்லவா?

மூன்றாம் சிலிண்டரின் கீழ்ப் பிளக் செத்திருந்தால் படம் மாறும். அந்தப் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவை அணைத்தால் மற்ற மூன்றும் உயரும், மூன்றாவது அசையாது. அது ஏற்கெனவே ஒற்றைப் பிளக்கில்தானே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினால் மற்றவை உயர, மூன்றாவது மளமளவென்று விழும், எஞ்சின் குலுங்கும். எந்தச் சிலிண்டர், எந்த மேக்னட்டோ என்று இரண்டும் தெரிந்தால் எட்டுப் பிளக்குகளில் எது என்று கவுலிங்கை, அதாவது எஞ்சின் மூடியை, திறக்காமலே சொல்லிவிடலாம். பெரும்பாலான நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் ஒவ்வொரு மேக்னட்டோவும் ஒருபக்கத்து மேல் பிளக்குகளையும் மறுபக்கத்துக் கீழ்ப் பிளக்குகளையும் கவனிக்கிறது. கீழ்ப் பிளக்குகளே அடிக்கடி அடைபடும். எண்ணெய் வடிவதும் அங்கேதான்; நூறு எல்.எல். எனப்படும் விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கக்கூடிய ஈயம் குருணையாகச் சேர்வதும் அங்கேதான்.

எங்கள் விமானம் தரையில் இந்தச் சோதனையில் தேறியே பறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1,800 சுழற்சியில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அரைகுறைப் பிளக்கும் பொறி விட்டுவிடும். முழு வேகத்தில் அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட முடியாமல் தோற்றுவிடும். எனவே சில அனுபவசாலிகள் கலவையை மெலித்து வைத்துக்கொண்டு பறக்கும்போதே மேக்னட்டோவைச் சோதிப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் மாணவர்கள் தனியாகச் செய்து பார்க்கக் கூடாதது. ஒரு பக்கம் திருப்பியதும் எஞ்சின் அணைந்துவிட்டால் பதற்றத்தில் சாவியைச் சடாரென்று திரும்பப் போடக் கூடாது. எரியாத பெட்ரோல் குழாயில் சேர்ந்திருக்கும், பொறி பட்டதும் வெடித்து எக்ஸாஸ்ட் கலத்தைப் பிளந்துவிடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலையும் கலவையையும் இழுத்துக்கொண்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

இரண்டு எண்களைச் சேர்த்துப் படிப்பது

சூடு எங்கே போகிறது என்ற அதே கேள்வியை மற்றக் கோளாறுகளுக்கும் கேட்கலாம். நான்கு சிலிண்டர்களிலும் புகை ஏறி, தலை இறங்கினால் பொறி எல்லா இடத்திலும் தாமதமாக விழுகிறது. ஒரு மேக்னட்டோ முழுதும் படுத்திருக்கலாம். அல்லது அண்மையில் யாரோ டைமிங்கைப் பின்தள்ளி வைத்திருக்கலாம். இதன் தலைகீழ், அதாவது எல்லாப் புகையும் இறங்கி எல்லாத் தலையும் ஏறினால், பொறி முந்தி விழுகிறது. மேக்னட்டோவைக் கழற்றி மாட்டிய மறுநாள் இப்படிக் கண்டால் அதற்குமேல் பறக்காமல் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புகைச்சூடு குறைந்திருக்கிறது என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்தச் சூடு அத்தனையும் பிஸ்டன் மீதும் தலை மீதும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அதனினும் அவசரமானது ஒன்று உண்டு. ஒரு சிலிண்டரில் புகைச்சூடு கொஞ்சம் விழ, தலைச்சூடு நொடிக்கு ஒரு டிகிரி வேகத்திலோ அதற்கும் மேலோ ஏறினால், அங்கே கலவை ஒழுங்காக எரியவில்லை. வெடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பொறி விழுவதற்கு முன்பே ஏதோ கனன்ற துகளால் பற்றிக்கொள்கிறது. இதில் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. த்ராட்டிலைக் குறைத்து, கலவையை முழுச் செறிவுக்குத் தள்ளி, மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டிக் காற்றோட்டம் தந்து, இறங்க இடம் பார்க்க வேண்டும். முன்பற்றல் ஒரு பிஸ்டனை ஓரிரு நிமிடங்களில் ஓட்டையாக்கிவிடும். திரையில் அப்போது புகைச்சூட்டுப் பட்டை தாழ்ந்து, பார்க்கச் சாதுவாகவே இருக்கும்.

ஒரு சிலிண்டரில் புகையும் தலையும் இரண்டுமே சேர்ந்து இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள்.

முதலில் புரோபைச் சந்தேகியுங்கள், ஆனால் ஒழுங்காகச் சந்தேகியுங்கள்

புகைச்சூடு மாறும்போது தலைச்சூடு துளியும் அசையவில்லை, எஞ்சின் ஓட்டத்திலும் வேறுபாடில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். உண்மையான புகைச்சூடு வேகமாக மாறக்கூடியதுதான் என்றாலும் ஒரே நொடியில் 1,400-இலிருந்து 600-க்கு விழுந்து மறு நொடியில் திரும்பாது. அப்படித் துள்ளினால் எங்கோ ஒரு இணைப்பு ஆடுகிறது. முன்பு சொன்ன 33 மில்லிவோல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய சமிக்ஞை, அதிரும் எஞ்சினிலிருந்து, மோதிர முனைகளும் கிளிப்புகளும் தாண்டி வர வேண்டும்.

வயரிலும் தவறுகள் நேரும். வெப்ப மின்னிரட்டைக்கு அதே உலோகத்தாலான வயரையே கருவி வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் சாதாரணச் செம்பு வயரை ஒட்டுப் போட்டால், ஒட்டுப் போட்ட இடத்தின் சூடும் கணக்கில் சேர்ந்து எண் பொய்யாகும். அமெரிக்க வண்ண முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றால் நேர்முனை என்ற கார் மின்சாரப் பழக்கத்தில் மாற்றி இணைப்பவர்கள் உண்டு. எஞ்சின் சூடேறச் சூடேற எண் இறங்கும். புரோபுக்கு முன்பாகவே இரு கம்பிகளும் உறை கிழிந்து ஒன்றையொன்று தொட்டால் தொட்ட இடம் புதிய சந்திப்பாகிவிடும். அப்போது கருவி காட்டுவது கவுலிங்குக்குள் அந்த இடத்தின் சூட்டை. அதனால்தான் எண் அபத்தமாகத் தாழ்ந்திருக்கும்.

புரோபா சிலிண்டரா என்று தீர்ப்பதற்கு இடமாற்றம் செய்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. முதலில் மூன்று, நான்கு இரண்டின் வயர் இணைப்புகளை மட்டும் மாற்றிப் போடுங்கள். எஞ்சினை ஓட்டும்போது கோளாறு மூன்றாம் பட்டையிலேயே நின்றால் தவறு வயரிலோ கருவியிலோ. நான்காம் பட்டைக்குத் தாவினால் அடுத்து புரோபுகளையே ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். கோளாறு புரோபுடன் நடந்தால் புரோப் பழுது. சிலிண்டருடனே தங்கிவிட்டால் அது நிஜம், எஞ்சினுக்குள் தேட வேண்டும். உரிமம் பெற்ற எஞ்சினியரின் கண்காணிப்பில் செய்து, பதிவேட்டில் எழுதி, முடிந்ததும் பழையபடி மாட்ட வேண்டும். பலர் புதிய புரோபை வாங்கி மாட்டுவதிலேயே தொடங்குகிறார்கள். நாங்களும் இரண்டாம் நாள் அதைத்தான் செய்தோம். இடமாற்றத்துக்குச் செலவே இல்லை.

பெட்ரோலும் காற்றும்

செறிவுப் பக்கத்தில் ஓடும்போது ஒரு சிலிண்டரில் புகை, தலை இரண்டும் ஏறினால் அங்கே கலவை மெலிந்திருக்கிறது. பெட்ரோல் குறைந்திருக்கலாம், காற்று கூடியிருக்கலாம்.

பெட்ரோல் குறைவதற்குப் பெரும்பாலும் இன்ஜெக்டர் காரணம். அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; ஒரு தூசு போதும். குழாய்களைக் கழற்றி மாட்டிய பராமரிப்புக்குப் பிறகு முதல் பறப்பில் இது தலைகாட்டும். ஒரு விசித்திரம்: பெட்ரோல் ஓட்டத்தை அழுத்தத்தால் கணக்கிடும் பழைய மீட்டர்களில், துளை அடைபட்டால் அழுத்தம் கூடி, பெட்ரோல் அதிகம் போவதாக முள் காட்டும். உறுதிப்படுத்த நான்கு இன்ஜெக்டர்களையும் குழாயோடு வெளியே எடுத்து நான்கு ஒரே மாதிரிக் குப்பிகளில் விட்டு, மின் பம்பைச் சற்று நேரம் ஓட்டி, எந்தக் குப்பியில் குறைவாக நிறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பறந்துகொண்டே அறிய இன்னொரு வழி: கலவையை மெல்ல மெல்ல மெலித்து, ஒவ்வொரு சிலிண்டரும் உச்சம் தொடும்போது பெட்ரோல் ஓட்டம் எவ்வளவு என்று குறிப்பது. ஓக்லஹோமாவின் ஏடா நகரில் இருக்கும் கேமி நிறுவனம் இந்தச் சோதனையைப் பரவலாக்கியது. முதல் உச்சத்துக்கும் கடைசி உச்சத்துக்கும் இடையே மணிக்கு அரை காலனுக்குள் இருந்தால் பங்கீடு நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் வெகு முன்னதாக உச்சம் தொட்டால் அது பட்டினி கிடக்கிறது.

மெலிவுப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் இதே அடைப்பு புகைச்சூட்டைக் குறைக்கும். உச்சத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியாமல் "ஏறியிருக்கிறது", "இறங்கியிருக்கிறது" என்று பேசுவதில் பயனே இல்லை.

காற்றுக் கசிவை அறிய த்ராட்டிலே போதும். தாழ்ந்த உயரத்தில் முழுத் த்ராட்டிலில் உள்ளிழுக்கும் குழாய்க்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்று. கேஸ்கெட்டில் பிளவு இருந்தாலும் காற்று நுழையக் காரணமில்லை. த்ராட்டிலைக் குறைத்தால் குழாய்க்குள் வெற்றிடம் கூடும். பிளவு வழியே கள்ளக் காற்று உள்ளே போகும். முழு வேகத்தில் மற்றவற்றோடு ஒத்துப்போகும் சிலிண்டர், வேகம் குறைத்ததும் தனியாக ஏறினால் அங்கே கசிவைத் தேடுங்கள். பெட்ரோலின் நீலச் சாயம் இணைப்பைச் சுற்றிக் கறையாகப் படிந்திருக்கும். கார்புரேட்டர் எஞ்சின்களில் இதற்கு நேர் எதிரான ஒன்று உண்டு: ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோல் ஊட்டக் கையால் இழுக்கும் பிரைமரைச் சரியாகப் பூட்டாமல் விட்டால், அதே வெற்றிடம் பிரைமர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். பிரைமர் குழாய் போகும் சிலிண்டர்களில் மட்டும் கலவை செறிந்து புகைச்சூடு விழும். ஸ்பேனர் எடுக்குமுன் அந்தக் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பிலேயே கசிவிருந்தாலும் எண் கெடும். இணைப்பைச் சுற்றி வெளிறிய சாம்பல் தூள் படிந்திருக்கும். இதை எண்ணின் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. பல சிறு விமானங்களில் கேபினுக்கு வரும் வெதுவெதுப்பான காற்று எக்ஸாஸ்ட் கலத்தைச் சுற்றியே வருகிறது. அங்கே பிளவென்றால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு விமானியின் மூச்சில் கலக்கும்.

வால்வின் மெல்லிய அலை

புகைச்சூடு சொல்லும் செய்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் பறக்கும்போது இது வேறு எதிலும் தெரியாது. சீராகப் பறக்கும்போது ஒரு சிலிண்டரின் புகைச்சூடு மட்டும் முப்பது முதல் அறுபது டிகிரி வரை மெதுவாக ஏறி இறங்கும். நிமிடத்துக்கு ஓரிரு முறை, தூங்கும் குழந்தையின் வயிறுபோல ஒரே தாளத்தில். எஞ்சினின் ஓசை மாறாது. கருவி பதிந்த எண்களைக் கணினியில் கோடாக வரைந்தால்தான் அலை தெரியும்.

எக்ஸாஸ்ட் வால்வு ஓடும்போது தன் அச்சில் மெல்லச் சுழல்வதற்கென்றே அமைக்கப்பட்டது. சூடு ஒரே இடத்தில் தங்காமல் இருக்க அந்தச் சுழற்சி. வால்வின் விளிம்பில் ஓரிடம் எரிந்து தேயத் தொடங்கினால் அந்தக் கசியும் இடம் சுழலும்போது புரோபுக்கு நேராக வந்து விலகும். அதுவே அலை. போர்ஸ்கோப் கேமராவைப் பிளக் துளை வழியே விட்டால் உறுதியாகிவிடும். நல்ல வால்வின் முகம் நடுவில் செம்பழுப்பாகி வளையம் வளையமாக, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பழுதான வால்வு அடுப்பில் ஒருபக்கம் மட்டும் கருகிய தோசை போல ஓரத்தில் நிறம் மாறித் தெரியும். 2003-இல் காண்டினென்டல் என்ற எஞ்சின் நிறுவனம் வெளியிட்ட எஸ்பி03-3 அறிவிக்கை, சிலிண்டரின் அழுத்தச் சோதனையோடு போர்ஸ்கோப்பையும் சேர்த்தது. அழுத்தச் சோதனையில் நல்ல எண் காட்டும் சிலிண்டரில்கூட இந்தக் கருகலைக் காண முடியும்.

வால்வுக்கு இன்னொரு நோயும் உண்டு. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஓரிரு நிமிடம் குலுங்கி, ஒரு சிலிண்டரின் புகைச்சூடு மட்டும் ஏறாமல் கிடந்து, பிறகு எல்லாம் சரியாகிவிடும். லைகமிங் எஞ்சின்களில் இதைக் கர்ப்பிணிகளின் மசக்கைக்கு ஒப்பிட்டே பெயரிட்டு அழைக்கிறார்கள். வால்வின் தண்டு நகரும் குழலில் கரி படிந்து, குளிர்ந்திருக்கும்போது வால்வு ஒட்டிக்கொள்கிறது. "சூடானதும் சரியாகிவிட்டது" என்று சொல்லிப் பறப்பவர்களை எண்ணி எனக்கு உண்மையிலேயே அச்சமுண்டு. அடுத்த முறை ஒட்டிய வால்வு திறக்கவே மறுத்தால் அதைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும். அது நடுவானிலும் நடக்கலாம்.

பதிவேட்டில் என்ன எழுதுவது?

எங்கள் மூன்று நாட்களுக்குத் திரும்புகிறேன். அந்த மாணவர் மீது குறையில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பறந்த அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குத் தேவையான அத்தனையும் அவர் கண்முன் இருந்தன. இப்போது நான் புதியவர்களிடம் கேட்பது இப்படி ஒரு பதிவை:

"5,500 அடி, 2,400 சுழற்சி, பெட்ரோல் மணிக்கு 8.5 காலன், கலவை செறிவுப் பக்கம் 50 டிகிரியில். மூன்றாம் சிலிண்டர் புகைச்சூடு வழக்கத்தைவிட 70 கூடுதல், தலைச்சூடு 15 குறைவு. மற்ற மூன்றிலும் மாற்றமில்லை. ஏறும்போது தொடங்கியது, இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்ததும் மறைந்தது. தரையில் மேக்னட்டோ சோதனை இயல்பு."

இப்படி ஒரு பதிவு மேசைக்கு வந்தால் பிளக் ஸ்பேனரை மட்டும் எடுத்துக்கொண்டு விமானத்திடம் போவேன்.